மடக்குக் கத்தி செய்யும்போது அலகும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும் இடங்கள்

ஸ்லிப்ஜாயிண்ட் மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. திறந்த அலகைப் பிடித்து நிறுத்துவது முதுகுப் பக்கம் இருக்கும் ஸ்பிரிங் பட்டையின் அழுத்தம் மட்டும்தான். அலகின் அடிப்பாகமான டேங்கின் மேல் அந்தப் பட்டை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் அதன் மேல் உரசி நகரும். அழுத்தம் போதவில்லை என்றால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே அலகு விரல் மேல் மடங்கிவிடும். ஆகவே அலகும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததுதான் கத்தி. புதிதாகச் செய்பவர்கள் அலகின் மேல் எல்லா அக்கறையையும் கொட்டிவிட்டு, ஸ்பிரிங்கை மீந்த துண்டில் வெட்டிப் போடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் எஃகு. பழைய இரும்புக் குவியலில் கிடைத்த பட்டையை எடுத்து ஆரம்பிக்காதீர்கள். அதில் எவ்வளவு கார்பன், வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தச் சூட்டில் தோய்ப்பது, அதாவது சூடேற்றி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது? வீட்டு உலைக்கு ஏற்றது 1084 என்ற கார்பன் எஃகு வகை. கார்பன் சுமார் 0.84 சதவீதம், சரியான சூட்டுக்கு வந்தவுடன் எண்ணெயில் இறக்கலாம். 1095 மலிவாகக் கிடைக்கும், ஆனால் தோய்க்கும் சூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு நொடிக்குள் வேகமாகக் குளிர்ந்தாக வேண்டும். சாதாரண எண்ணெயில் அது முழுக் கடினம் அடையாமல் போகலாம். ஓ1 எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவில் பத்து நிமிடமாவது நிலையாக வைத்திருக்க வேண்டும், கையில் கேஸ் டார்ச் பிடித்துக்கொண்டு அது நடக்காது. துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலும் 1000 டிகிரிக்கும் மேல் கேட்கும். மின் உலை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது, காந்தத்தை நம்பி ஏமாறுவது. எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும் சூடு சுமார் 770 டிகிரி. பலர் அந்த நொடியிலேயே எண்ணெயில் இறக்கிவிடுகிறார்கள். 1084-க்கு வேண்டியது ஏறத்தாழ 815. காந்தம் விட்ட பிறகும் இன்னும் ஒரு சாயல் நிறம் ஏற வேண்டும். எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம்: இன்னும் கொஞ்சம் சூடு இருந்தால் நல்லது என்று பளிச்சென்ற ஆரஞ்சு வரை ஏற்றி, அங்கேயே வைத்திருப்பது. எஃகின் உள்மணிகள் (நுண்படிகங்கள்) பெருத்துவிடும். அந்தக் கத்தி கூர் ஏறும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு நாள் கீழே விழுந்தால் முனை உடைந்துபோகும். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் எஃகு இருப்பதைவிட மங்கலாகத் தெரியும், அதனால்தான் அதிகமாகச் சூடேற்றிவிடுகிறோம். நிழலான இடத்தில் செய்யுங்கள். சுடரை அலகின் முனையிலும் மெல்லிய ஓரத்திலும் நேராகக் காட்டாமல், தடித்த முதுகிலிருந்து சூடு பரவ விடுங்கள்.

நீங்கள் செய்வது சரிதானா என்று அறிய ஒரே நேர்மையான வழி, அதே எஃகில் ஒரு சிறு துண்டை அதே முறையில் தோய்த்து உடைத்துப் பார்ப்பதுதான். துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து உடையுங்கள். உடைந்த முகம் மந்தமான சாம்பல் நிறத்தில் நெருக்கமாக இருந்தால் சரி. சர்க்கரை போல மினுமினுத்தால் சூடு அதிகம். அரை மணி நேர வேலை, ஒரு முழுக் கத்தியைக் காப்பாற்றும்.

நிலையான கத்தியில் கூர்ப்பக்கத்தை மட்டும் தோய்ப்பவர்கள் உண்டு. மடக்குக் கத்தியில் அது கூடாது. டேங் மென்மையாக இருந்தால் ஸ்பிரிங் உரச உரச அதன் மூலைகள் தேய்ந்து, திறந்த அலகு ஆட ஆரம்பிக்கும். டேங் வரை முழுதாகச் சூடேற்றி முழுதாகத் தோய்க்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கனோலா போன்ற சமையல் எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்கி, அலகு முழுக்க மூழ்கும் ஆழத்தில், கவிழாத உலோகப் பாத்திரத்தில் வையுங்கள். பயன்படுத்திய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதன் புகை நல்லதல்ல. பாதி மூழ்கிய சூடான எஃகு எண்ணெய்ப் பரப்பில் தீப்பிடிக்க வைக்கும். பொருந்தும் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே இறக்கியதும் மேலும் கீழுமாக அசைக்கலாம்; பக்கவாட்டில் அலசினால் அலகு வளையும். கூர்ப்பக்கத்தை முன்பே மெல்லியதாக்கினாலும் வளையும், வெடிக்கவும் செய்யும். அரை மில்லிமீட்டருக்கு மேல் கனம் விட்டுவையுங்கள்.

வெளியே எடுத்ததும் அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கினால் கடினமாகிவிட்டது. சில நேரம் அரம் கடிக்கும். உடனே மனம் தளர வேண்டாம். மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோன மெல்லிய தோல் அது, அதற்குக் கீழே வழுக்குகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் டெம்பரிங், அதாவது எளிதில் உடையாமலிருக்க மிதமான சூட்டில் வைத்துப் பதம் கொடுப்பது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த அலகு இரவில் தானாகவே விரிசல் விடலாம். 1084 அலகுக்கு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், அப்படியே இரண்டு முறை. அடுப்பின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள்.

ஸ்பிரிங்கை இதே அடுப்பில் இதே சூட்டில் எடுத்துவிடுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. 200 டிகிரியில் பதம் கொடுத்த பட்டை விறைப்பாக இருந்து ஒரு நாள் பட்டென்று முறியும். ஸ்பிரிங்குக்கு 300 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பளபளவென்று தேய்த்த பரப்பில் முழு நீலம் வந்து தாண்ட வேண்டும். பிறகு வைஸில் பிடித்து, கத்தியில் வளையப்போவதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பலமுறை வளைத்துப் பாருங்கள். வளைந்தபடியே நின்றால் மென்மை. அலகு போலவே மறுபடி முழுதாகத் தோய்த்து, ஸ்பிரிங்குக்கு உரிய சூட்டில் பதம் கொடுக்க வேண்டும். முறிந்தால், கத்தியைப் பொருத்தும் முன்பே தெரிந்தது என்று மகிழுங்கள்.

பதம் கொடுத்த பின் சாணையில் அவசரம் காட்டினால் எல்லாம் வீண். வெறும் கையால் பிடித்து, சூடு தெரிந்ததும் தண்ணீரில் முக்குங்கள். கூரில் நீலம் ஓடிவிட்டால் அங்கே கடினம் போய்விட்டது. நிறத்தைத் தேய்த்து அழிக்கலாம், போன கடினம் திரும்பாது.

பொருத்துவதில் சிலவற்றைச் சொல்கிறேன். தோய்க்கும் முன்பே துளைகளைப் போட்டு, துளையை அளவாகச் சீராக்கும் ரீமரால் சரி செய்துவிடுங்கள். கடினமான எஃகில் சாதாரண டிரில் ஏறாது. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நடு ஆணிக்கான துளையை, ஸ்பிரிங் தளர்வாக இருக்கும் நிலையில் குறித்தால் அழுத்தமே வராது. ஸ்பிரிங் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளைந்து நிற்கும்படி குறிக்க வேண்டும். டேங்கைத் தேய்ப்பதில் பொறுமை வேண்டும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு கைப்பிடியின் உட்பக்கத் தகடுகளான லைனர்களோடு சமமாக நிற்கிறதா என்று ஒவ்வொரு உரசலுக்குப் பிறகும் பொருத்திப் பாருங்கள். மூடும்போது கூர்ப்பக்கம் ஸ்பிரிங்கில் இடிக்காமல் தாங்குவது டேங்கின் அடியில் இருக்கும் சிறு புடைப்பு. அதையும் சேர்த்துத் தேய்த்தால் மூடும்போதெல்லாம் கூர் மழுங்கும்.

அலகின் கனம் ஸ்பிரிங்கைவிட 0.05 மில்லிமீட்டர் அளவு குறைவாக இருந்தால் லைனரில் உரசாது. அலகு சுழலும் அச்சு ஆணியின் தலையை அடித்துப் பரப்பும்போது பலத்த அடி வேண்டாம். சில தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். கடைசி ஆணிக்கு முன் மூட்டில் இருக்கும் அரத்தூளை நன்றாகக் கழுவி எண்ணெய் விடுங்கள். கூர் தீட்டுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான், அதுவரை அலகில் டேப் சுற்றியே இருக்கட்டும்.