ஆமைக் கழுத்து நேரானது: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டில், முகப்பில் கிடந்த கணக்குப்பிள்ளை மேசையில் லேப்டாப்பை வைத்து இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அது தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து பேரேடு எழுதுவதற்கானது, நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதற்கு இல்லை. சாயங்காலமானால் பிடரியில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை இழுக்கும், தைலம் தேய்த்தால் ஒரு மணி நேரம் அடங்கும், அவ்வளவுதான். "என்னய்யா, ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டே உக்காந்திருக்க?" என்று அப்பத்தா கேட்டபிறகுதான் பக்கவாட்டில் போட்டோ எடுத்துப் பார்த்தேன். காது தோளுக்கு நேராக இல்லை, நாலு விரற்கடை முன்னால் நின்றது.

தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் போகப் போக, பிடரித் தசைதான் அதை விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கீபோர்டு தனியாக வாங்கினேன். பாதி வலி இதிலேயே போனது. அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி: சுவரோடு முதுகை ஒட்டி நின்று, மோவாயைத் தூக்காமலும் தாழ்த்தாமலும், யாரோ விரல் வைத்துத் தள்ளுவது போல நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எங்கள் வளவுச் சுவரின் வழுவழுச் சுண்ணாம்புப் பூச்சு பின்மண்டையில் சில்லென்று படும், அதுதான் எனக்கு அடையாளம். 5 நொடி பிடித்து விட வேண்டும், 10 தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் தலை சுவரைத் தொடவே இல்லை, அதற்காக முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். எனக்கு ஆறு வாரம் ஆனது.

கை மரத்துப்போனாலோ விரலில் பலம் குறைந்தாலோ இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.