கச்சேரி ரெக்கார்டிங்கை நண்பர்களுக்கு எப்படி அனுப்பணும்

கடலூர், பாண்டி பக்கம் சங்கீதம் கேக்கறவங்க குரூப் எதைத் தெறந்தாலும் ரெண்டரை மணி நேர கச்சேரி லிங்க் ஒண்ணு "அற்புதம், கேளுங்க"ன்னு கெடக்கும், ஆனா கேட்டவங்க ரொம்ப கம்மி. அதனால மொதல்ல சொல்றது இதுதான், முழு கச்சேரிய அனுப்பாதீங்க, அதுல ஒரு எடத்தை அனுப்புங்க, எந்த நிமிஷத்துல எதைக் கேக்கணும்னு சேத்து எழுதுங்க.

கோபாலகிருஷ்ண பாரதியோட 'சபாபதிக்கு வேறு தெய்வம்' எடுத்துக்கோங்க. நம்ம சிதம்பரம் நடராஜர் மேல பாட்டு, இங்க பாதிப் பேருக்கு மனப்பாடம். ராகம் ஆபோகி, ஏழு ஸ்வரத்துல பஞ்சமமும் (ப) நிஷாதமும் (நி) இதுல கெடையாது, அதனால மத்யமத்துலேர்ந்து (ம) நேரா தைவதத்துக்குப் (த) போகணும், அந்த எடத்துல ஒருத்தர் வழுக்கிக்கிட்டே போவார், இன்னொருத்தர் மத்யமத்துல நின்னு ஆட்டிட்டு அப்புறம் எட்டி வெப்பார். ரெண்டு பேர் பாடினதையும் அடுத்தடுத்து போட்டு "ம-லேர்ந்து த-வுக்கு எப்படிப் போறாங்கன்னு மட்டும் கவனிங்க"ன்னு ஒரு வரி போதும், நேத்து கேக்க ஆரம்பிச்சவங்க கூட காதை அங்க வெச்சிடுவாங்க.

பாடினவங்க பேரோட வயலின், மிருதங்கம் யாருன்னும் போடுங்க, பக்கவாத்தியக்காரங்க பேர விடறது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ராகம் நிச்சயமா தெரியலன்னா போடாம விடுங்க, தப்பா போட்டா அந்தப் பேரோடயே ஊர் சுத்தும்.

பழைய கேசட்ட கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தறவங்க ஸ்பீடு பாருங்க. டேப் ஆறு பர்சென்ட் வேகமா ஓடினாலே சுருதி அரைக்கட்டை (கட்டைங்கறது சுருதியோட உயரத்தைச் சொல்ற அளவு) ஏறிடும், ஒன்றரைக்கட்டைல பாடினவர் ரெண்டு கட்டைல பாடற மாதிரி கேக்கும், குரலே வேற ஆளு மாதிரி ஆயிடும். மாத்தின ஒரிஜினல ஃபிளாக்ல (FLAC, சவுண்ட் கெடாம சேத்து வெக்கற ஃபைல் வகை) வெச்சிக்கோங்க, எம்பி3-ய திரும்பத் திரும்ப எம்பி3-யா மாத்தினா ஒவ்வொரு வாட்டியும் சவுண்ட் கெடும். ஃபோன்ல ஓடவிட்டு வாய்ஸ் நோட்டா அனுப்பறது வேண்டவே வேண்டாம், ஃபைலா அனுப்புங்க.

இயர்ஃபோன்ல கேக்கச் சொல்லுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல மிருதங்கத்தோட தொப்பி (கனமான சத்தம் வர்ற பக்கம்) சத்தம் சரியாவே வராது, வலந்தலை (இன்னொரு பக்கம்) மட்டும் டிக் டிக்னு கேக்கும், தாளவாத்தியம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல பாதி போயிடும். சைஸ் குறைக்கணும்னு அந்தத் தனி ஆவர்த்தனத்தை வெட்டிட்டு அனுப்பறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள், தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

உரிமை விஷயமும் இருக்கு. வெளியிட்ட ரெக்கார்டுக்கு நம்ம நாட்டுல 60 வருஷம் காப்புரிமை, அது முடியாததுக்கு கம்பெனியோட சொந்த லிங்க்க அனுப்புங்க. கோயில்லயோ சபாவுலயோ நீங்களே ரெக்கார்ட் பண்ணதுன்னா பாடினவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க.

முடிஞ்சா மாசம் ஒரு தடவை யார் வீட்டுலயாவது கூடுங்க, பாண்டி - கடலூர் பஸ்ல ஒரு மணி நேரம் பக்கம்தான், மஞ்சக்குப்பமோ முத்தியால்பேட்டையோ எதுவா இருந்தாலும் சரி. ஒரு பாட்டு முழுசா, நடுவுல யாரும் பேசாம. அப்புறம் காபி, அப்ப எவ்வளவு வேணா சண்டை போட்டுக்கலாம்.