கரகர பேஸுக்கு, கைக்கு அடங்கும் விலையில் ஓர் ஆம்ப்

என் முதல் பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பேஸ் ஆம்பே இல்லை. நண்பனின் 15 வாட்ஸ் கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகி, கெயினை (உள்ளே வரும் ஒலியை ஏற்றும் குமிழ்) முழுக்கத் திருப்பி வைத்தேன். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் தடித்த கம்பியை ஓங்கி அடித்ததும் ஸ்பீக்கர் கோன் (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) ஓரத்தில் கிழிந்து, பட்டத்து வால் மாதிரி படபடத்தது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸில் 41. அதிர்வெண் குறையக் குறைய கோன் அதிக தூரம் நகர வேண்டும். அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வர அந்தக் கோனுக்குத் தெம்பில்லை. நண்பனுக்குப் புது ஸ்பீக்கர் என் செலவு. அதனால் முதல் விதி: பேஸுக்குப் பேஸ் ஆம்ப்தான்.

கரகரக்கும் முரட்டு ராக் பேஸ் ஒலியின் பெரிய பெயர் 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி. வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது), 300 வாட்ஸ், ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சரி, அந்தக் கனவை விடுங்கள். மோட்டார்ஹெட் ராக் குழுவின் பேஸ் கலைஞர் லெம்மி, மார்ஷல் ஆம்பில் பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழ்களை இறக்கி, மிட்ஸை (நடு ஒலி) ஏற்றி வாசித்தவர். கரகரப்பு குடியிருப்பது மிட்ஸில்தான். ஆகவே மலிவு ஆம்பிலும் முதலில் மிட்ஸ் குமிழைத் தேடுங்கள். லோ மிட், ஹை மிட் என்று இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து பிளெண்ட். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற ஏற அடி ஒலி மெலியும். தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸ் சேர்ந்ததும் பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். சுத்தமான ஒலியையும் கரகரப்பையும் கலக்க விடும் குமிழ்தான் பிளெண்ட். ஆரஞ்சு கிரஷ் பேஸ் 50-இல் அது இருக்கிறது, கூடவே 12 அங்குல ஸ்பீக்கர். ஃபெண்டர் ரம்பிள் 40-இல் பிளெண்ட் இல்லை, ஆனால் ஓவர்டிரைவுக்கென்றே (கரகரப்பு ஏற்றும் வசதி) டிரைவ் (கரகரப்பின் அளவு), லெவல் (அதன் சத்தம்) என்று இரண்டு குமிழ்கள் உண்டு. டிரைவைக் கால்வாசிக்கு மேல் நான் தொடுவதில்லை.

வீட்டில் ஏற்கெனவே சாதாரண பேஸ் ஆம்ப் இருந்தால் மாற்றவே வேண்டாம். பெரிங்கர் பிடிஐ21 மாதிரி ஒரு மலிவு பெடல் (பேஸுக்கும் ஆம்புக்கும் நடுவே செருகும் சிறு பெட்டி) போதும், அதிலும் பிளெண்ட் உண்டு.

வாட்ஸ் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். வீட்டுக்கு 25 தாராளம். ஓங்கி அடிக்கும் டிரம்மர் இருந்தால் 100 வாட்ஸும் 12 அங்குலமும் பாருங்கள். மேடைக்கு, பின்பக்கம் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் (ஹாலின் ஒலி அமைப்புக்கு இணைக்கும் துளை) இருந்தால் மிச்சத்தை ஹாலின் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும்.

கடைக்கு உங்கள் பேஸையே தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே தொங்கும் விலை உயர்ந்த பேஸில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, ஓவர்டிரைவ் இல்லாமல் முதலில் வாசியுங்கள். சுத்த ஒலியே சொத சொதவென்றிருந்தால் டிரைவ் காப்பாற்றாது. அப்புறம் டிரைவைப் போட்டுத் தடித்த கம்பியை மட்டும் பிக்கால் (கம்பி மீட்டும் சிறு தகடு) அடியுங்கள். கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்றும் கேளுங்கள், ஆம்பை ஒட்டியே நின்றால் அடி ஒலி சரியாகத் தெரியாது.

பழைய ஆம்ப் வாங்கினால் இன்னொன்று. ஆம்பை அணைத்துவிட்டு, முன்வலையைக் கழற்ற முடிந்தால், கோனின் நடுவைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். மணல் உரசுகிற மாதிரி ‘சர்ர்’ என்று கேட்டால் உள்ளே கம்பிச்சுருள் (காயில்) தேய்கிறது. விற்பவர் ‘அது அப்படித்தான் சார் இருக்கும்’ என்பார். எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பி வாங்கினேன்.