வெளிநாட்டிலிருந்து குமரிக்கு வந்து, பழைய வீட்டில் கைவைக்கும் முன்

மஸ்கட்டிலிருந்தோ ரியாத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ மூட்டை முடிச்சோடு குமரி மாவட்டத்துக்கு வந்து சேரும் குடும்பம், முதல் வாரத்திலேயே வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். வாசல் திண்ணையான படிப்புரையை இடித்து ஹாலோடு சேர்த்துவிடலாமா, அடுக்களையைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாமா, மகனுக்கு மாடியில் ஓர் அறை போடலாமா என்று பேச்சு கிளம்பும். மறுநாள் காலையில் கொத்தனார் முற்றத்தில் நிற்பார். "இதுக்கெல்லாம் பிளான் எதுக்கு அண்ணே? நம்ம சொந்த வளவுதானே" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த ஒரு பேச்சை நம்பி நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு 2018-இல் தக்கலைப் பக்கம் அப்பா வைத்த வீட்டுக்குத் திரும்பினோம். கார் நிறுத்த முன்பக்கம் ஒரு போர்ட்டிகோவும், அம்மாவுக்குக் கீழேயே ஒரு குளியலறையும் கட்டினோம். அனுமதி வாங்கவில்லை. கிழக்கே செம்பருத்தி வேலிதான் எல்லை என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். எட்டு மாதம் கழித்து வேறொரு காரியத்துக்காக நில அளவையர் வந்தார். வரைபடத்தை விரித்துப் பிடித்து, டேப்பை இழுத்து, வேலிக்கு உள்ளே ஒரு இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். மண்வெட்டி முக்கால் அடி இறங்கியதும் 'ணங்' என்றது. தலையில் அம்புக்குறி வெட்டிய பழைய சர்வே கல். போர்ட்டிகோவின் இரண்டு தூண்களும் அந்தக் கல்லுக்கு வெளியே நின்றன. வெளியே இருந்தது வாய்க்கால் புறம்போக்கு. தண்ணீர் வந்து இருபது வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் கணக்கில் அது வாய்க்கால்தான். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "மக்கா, உங்க அப்பா இருந்தப்போ இந்தக் கல்லு வெளியதான் தெரிஞ்சு கிடந்து. நீங்க மண்ணு போட்டு பொக்கினதுல மூடிப்போச்சு" என்றார். நோட்டீஸ் வந்தது, தூண்களை நாங்களே இடித்தோம். நீர்நிலைப் புறம்போக்கில் நிற்பதை எந்தக் கட்டணம் கட்டியும் முறைப்படுத்த முடியாது.

அன்றைக்குப் புரிந்தது, வீட்டு அனுமதி வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி என்பது. முதல் படி, நிற்கும் நிலம் என்ன நிலம், அது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்வது. அது தெளிவாகிவிட்டால் அனுமதி பெரிய பாடில்லை.

நிலத்தின் காகிதம்

பட்டாவை எடுத்துப் பாருங்கள். நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று அதில் இருக்கும். தமிழக அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். பட்டா அப்பா பேரில் இருந்தால் முதலில் வாரிசுகள் பேருக்கு மாற்ற வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் துபாயில் இருக்கும் தம்பியும், கல்யாணமாகி மார்த்தாண்டத்தில் இருக்கும் தங்கையும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிட்டுக் கட்டுவதே பின்னாளில் உறவுக்கும் நல்லது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. 1949 வரை இது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் தாத்தா காலத்து ஆதாரம், அதாவது பத்திரம், பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1110 என்று போட்டிருந்தால் அது 1934-35. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்களோ ஆவண எழுத்தர்களோ இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து, நான்கு எல்கையையும் வழியையும் மட்டுமாவது தமிழில் எழுதி வாங்கி வையுங்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண், பின்னால் மறுபடி அளந்தபோது போட்ட ரீசர்வே எண் என்று இரண்டு இருக்கும். பட்டாவோடு ஒத்துப்போக வேண்டியது ரீசர்வே எண்.

வழி விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், இருக்கும் வீடுகளுக்கு மூன்றடி, நாலடி நடைவழிதான் இருக்கும். இப்போது ஆட்டோ வருகிறது என்பதற்காக அது சாலை ஆகிவிடாது. பத்திரத்தில் எத்தனை அடி எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கே தொடங்கும்.

எல்கையில் சந்தேகம் இருந்தால் அளவைக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் கொஞ்சம்தான். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். கல் எங்கே என்று இருவரும் சேர்ந்து கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

வயல், கடல், மலை

நஞ்சை நிலத்தில் செம்மண் அடித்து நிரப்பிவிட்டால் அது வீட்டு மனை ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆகாது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-இல் வந்த விதிகளும், திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முறையான அனுமதி கேட்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் கருத்தும் வேண்டும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போட்ட பகுதி என்றால் அந்தத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் குடியிருப்பா, விவசாயமா என்று பார்க்க வேண்டும். மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது. விற்பவரிடம் அந்த முறைப்படுத்தல் ஆணையையோ, மனைப்பிரிவு அனுமதி எண்ணையோ கேட்டு வாங்குங்கள். "எல்லாரும் வீடு வச்சிருக்காங்களே" என்பது ஆவணம் இல்லை.

குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தாண்டிப் போக முடியாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதியின் கை நீளும். கடலுக்கு எத்தனை மீட்டருக்குள் எதுவுமே கட்டக் கூடாது என்பது ஊரின் வகையைப் பொறுத்து மாறும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊர்களுக்கு இந்தத் தூரம் ஏன் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழுது பார்ப்பதாக இருந்தாலும் முதலில் கடலோர மண்டல வரைபடத்தில் உங்கள் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையை ஒட்டிய பல வருவாய் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே சரிவை வெட்டி மனையாக்குவதற்கும் கட்டுவதற்கும் கூடுதல் அனுமதிகள் வேண்டும். ரப்பர் விளையோடு சேர்ந்த வீடு என்றால், தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-இன் கீழ் அந்தச் சர்வே எண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வட்டக்கோட்டை, சிதறால் மாதிரி மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்திலிருந்து முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கிடையாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான். நான்குவழிச் சாலைப் பக்கம் இருப்பவர்கள் நில எடுப்பில் தங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு செங்கல்லும் இறக்காதீர்கள்.

எந்த அலுவலகம், என்ன அனுமதி

நம் மாவட்டத்தில் ஊராட்சியைவிடப் பேரூராட்சி என்ற சொல்தான் அதிகம் காதில் விழும். ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் இருக்கின்றன. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு போன்றவை நகராட்சிகள். உங்கள் வீட்டு வரி ரசீது எந்த அலுவலகத்திலிருந்து வருகிறதோ அதுதான் உங்கள் அலுவலகம். சாதாரண வீடுகளுக்கு உள்ளாட்சியே அனுமதி தரும், பெரிய கட்டடம்தான் நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போகும். விதிப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரைக்கு டைல்ஸ் போடுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது இவற்றுக்கெல்லாம் அனுமதி தேவையில்லை. ஒக்கிப் புயலில் ஓடு பறந்துபோன வீடுகள் அதே உயரத்தில் அதே கூரையைத் திரும்பப் போட்டன. ஆனால் அதே ஓட்டைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் போட்டு மேலே ஓர் அறை என்றால் அது புதுக் கட்டடக் கணக்கு. பின்பக்கம் தகரச் சாய்ப்பு இறக்கி, பக்கத்தில் விட்டிருக்க வேண்டிய இடத்தை மூடுவதும் விதிமீறல்தான். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், ஏனென்றால் அதைக் கட்டடம் என்றே யாரும் நினைப்பதில்லை.

மொத்தக் கட்டடப் பரப்பு சாதாரண வீடுகளில் நிலத்தைப் போல் இரண்டு மடங்கு வரை போகலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி, எல்லாத் தளமும் சேர்த்து 4,356. கணக்கில் அவ்வளவு வந்தாலும் முன்னால் சாலை அகலத்துக்கும், பக்கங்களில் மனையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் தக்கபடி இடம் விட்ட பிறகு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதில்தான் கட்ட முடியும்.

2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்ட, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு என்றால், பத்திரம், பட்டா, வரைபடம், இடத்தின் படம் ஆகியவற்றை ஒற்றைச் சாளரத் தளத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். யாரும் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். நல்ல வசதி. ஆனால் இதில் "என் இடம் சரி" என்று உறுதி சொல்வது நீங்கள். நான் அன்றைக்கு இப்படி ஒரு முறையில் அனுமதி வாங்கியிருந்தாலும், வாய்க்காலைச் சொந்த இடம் என்று நம்பி எழுதிக் கொடுத்திருப்பேன். தகவல் தவறென்றால் அனுமதி ரத்தாகும். அதனால்தான் கல்லை முதலில் தேடுங்கள் என்கிறேன்.

உங்கள் வீடு இதில் அடங்குமா, ஏற்கெனவே இருக்கும் வீட்டின்மேல் மாடி எடுப்பதை எந்த வழியில் கேட்பது என்பதைப் பதிவு பெற்ற பொறியாளர் பார்த்துச் சொல்வார். அஸ்திவாரம் மேல்தளத்தைத் தாங்குமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும், கொத்தனார் இல்லை.

வீட்டின் முன்னறையைக் கடையாகவோ கிளினிக்காகவோ மாற்றினாலும், கன்னியாகுமரி வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டாலும் அது பயன்பாட்டு மாற்றம். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கிணறும் செப்டிக் டேங்கும்

இந்த ஒரு விஷயத்தை வரைபடத்தில் சரியாகக் காட்டிவிட்டு, கட்டும்போது மாற்றிவிடுகிறார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. ஐந்து சென்டில் உங்கள் கிணறு ஒரு மூலையில் இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் மதிலை ஒட்டி இருக்கும். உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடியாவது வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உங்கள் கிணற்றை மட்டும் அளந்து வைத்தால் போதாது, நான்கு பக்கமும் இருக்கும் கிணறுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மண் இது. ஜூனிலும் நவம்பரிலும் ஊற்று மேலே ஏறும்போது குழியில் இருப்பதும் சேர்ந்து ஏறும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். கூரைத் தண்ணீரைப் பக்கத்து வளவில் விழவிடாமல் உங்கள் மண்ணிலேயே இறக்கினால் கிணற்றுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்காரரோடும் மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் அதிகாரப் பத்திரமும்

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவரோ இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "தென்னந்தோப்புக்குள்ள ஒரு வீடு" என்று ஆசையோடு வருகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை மனதில் வையுங்கள்.

இன்னும் அங்கேயே வேலையில் இருப்பவர், இங்கிருக்கும் அண்ணனுக்கோ மாமாவுக்கோ அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். எதற்கு அதிகாரம் என்று திட்டமாக எழுதுங்கள்: கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, வரி கட்ட, அளவைக்கு நிற்க. விற்கும் அதிகாரத்தை அதில் கலக்க வேண்டாம்.

நோட்டீஸ் வந்தால்

அனுமதியில்லாமல் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரை வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. நோட்டீஸை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதி குறித்து, அன்றே வேலையை நிறுத்திவிட்டு, சொல்லியிருக்கும் நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நான் முதல் நோட்டீஸுக்கு வாய்மொழியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கோப்பில் நான் பதிலே சொல்லாதவன் என்றுதான் பதிவாகியிருந்தது.

வேலை முடிந்ததும் புதுப் பரப்புக்கு வீட்டு வரியை மாற்றி எழுதச் சொல்லி நீங்களே விண்ணப்பம் கொடுங்கள். அனுமதி வரைபடத்தின் ஒரு நகலை, வரி ரசீதை, அளவையர் கொடுத்த வரைபடத்தை மூலப்பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த உறையில் ஒரு புகைப்படமும் இருக்கிறது. மண் விலக்கி வெளியே எடுத்த சர்வே கல்லும், அதன் பக்கத்தில் அளவுக்கு வைத்த அரிவாளும். இந்தத் தடவை கல்லைச் சுற்றி ஒரு அடிக்குச் சிமெண்ட் பூசி, மண் மூடாதபடி விட்டிருக்கிறோம்.