ஆக்சைடு பரப்பில் தங்கக் கொத்துகளை வளர்ப்பது எப்படி?

ஆக்சைடின் மேல் உலோகத்தைப் படியவிட்டால் சீரான படலம் உருவாகும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் சேப்பங்கிழங்கு இலையில் நீர் திரள்வதுபோல உலோகம் குட்டிக் கொத்துகளாகத் திரண்டுவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் என்ற படிக வடிவத்தில், (110) என்று எண்ணிட்டுக் குறிக்கும் முகத்தின் மேல் தங்கத்தை வளர்த்துப் பார்ப்போம்.

படி 1: பரப்பைத் தயார் செய்யுங்கள்

கொத்து எங்கே முளைக்கும் என்பது பெரிதும் இங்கேயே முடிவாகிவிடுகிறது, அவசரம் வேண்டாம். சுமார் 10⁻¹⁰ மில்லிபார் வெற்றிடத்தில் படிகத்தை ஆர்கான் அயனிகளால் அடித்துச் சுரண்டி, ஏறக்குறைய 900 கெல்வினுக்குச் சூடாக்குங்கள். பரப்பு சுத்தமாகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆக்சிஜன் வெளியேற வெளியேற, நிறமற்ற படிகம் நீலமாக மாறும். அது நல்லதுதான்: மின்சாரம் கடத்தினால்தான் ஊசிமுனையால் பரப்பைத் துழாவி அணுக்களைப் படமெடுக்கும் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியில் (எஸ்.டி.எம்.) பார்க்க முடியும்.

பரப்பில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்களில் சில இல்லாமல் போய்க் காலியிடங்கள் உண்டாகும். தங்கத்துக்குப் பிடிப்பு கொடுப்பவை இவைதான். அறையில் மிச்சமிருக்கும் நீராவி இவற்றை நிரப்பிவிடும். ஆகவே படிகம் ஆறியதும் தாமதிக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: தங்கத்தைப் படியவிடுங்கள்

டங்ஸ்டன் இழையில் சுற்றிய தங்கத்தைச் சூடாக்கினால் ஆவியாகும். தங்கம் படியும் வேகத்தைக் குவார்ட்ஸ் படிக எடைமானியில் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு ஓரடுக்கில் (பரப்பு முழுவதையும் ஓர் அணு தடிமனுக்கு மூடும் அளவில்) பத்தில் ஒரு பங்குகூட அதிகம்தான்.

வந்து விழும் அணு பரப்பில் அலைந்து, காலியிடத்திலோ, பரப்பில் ஓர் அணு அடுக்கு முடியும் படிக்கட்டு போன்ற விளிம்பிலோ சிக்கும். ஒரு காலியிடம் சராசரியாக மூன்று தங்க அணுக்களைப் பிடித்துவைக்கும் என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. தங்கத்துக்கு ஆக்சைடைவிடத் தங்கத்தோடுதான் ஒட்டுதல் அதிகம். அதனால், அப்புறம் வருபவை பக்கவாட்டில் பரவாமல் மேலே அடுக்கிக்கொள்ளும்.

படி 3: படமெடுங்கள்

படத்தில் பளிச்சென்று தெரியும் வரிசைகள் டைட்டானியம். உண்மையில் ஆக்சிஜன்தான் உயரத்தில் இருக்கிறது, ஆனால் எலக்ட்ரான்கள் டைட்டானியத்தின் காலியான எலக்ட்ரான் நிலைகளுக்குள் நுழைவதால் அது ஒளிர்கிறது. ஊசிமுனை மழுங்கியிருந்தால் கொத்து அகலமாகத் தெரியும். அகலத்தைவிட உயரத்தை நம்புங்கள்.

படி 4: வாயு விடுமுன் ஒருமுறை, விட்டபின் ஒருமுறை பாருங்கள்

கார்பன் மோனாக்சைடை எரிக்க, சுமார் 3.5 நானோமீட்டர் அகலமும் இரண்டு அணு அடுக்கு உயரமும் கொண்ட கொத்துகளே சிறந்தவை என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குட்மன் குழுவினர் 1998-இல் கண்டார்கள். ஆனால் அந்த வினைக்காக விடும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் வாயுக்களே சிறிய கொத்துகளைக் கரைத்துப் பெரியவற்றைப் பெருக்கவைக்கும். இரண்டு படங்களையும் ஒப்பிடாமல் அளவைப் பற்றி எதையும் எழுதிவைக்காதீர்கள்.