கோயில் பூசை நேரம் காட்டும் 8 எம்பி கன்டெய்னர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் பூசை நேரத்தையும் காவடிப் பதிவையும் காட்ட ஒரு சின்னச் செயலி எழுதினேன். வழக்கமாக அது வீட்டிலுள்ள மினி கணினியில் ஓடும். தைப்பூசம் நெருங்கினால் கூட்டம் தாங்காது. அப்போது கேப் டவுனில் உள்ள கிளவுட் சர்வருக்கு மாற்றிவிடுவேன். (அமேசான் அங்கே மையம் திறந்தது 2020இல். ஆனால் கணினிகளை இணையவழி வாடகைக்குத் தரும் அவர்களுடைய இசி2 சேவையை முதலில் உருவாக்கியதே கேப் டவுனில் இருந்த ஒரு சிறு குழுதான். நம் நாட்டுப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.) வீட்டிலும் கிளவுடிலும் ஓடுவது ஒரே இமேஜ்தான், அதாவது செயலியும் அது ஓடத் தேவையானதும் அடங்கிய பொதி. அது ஓடும்போது கன்டெய்னர் என்பார்கள்.

உங்கள் கணினியில் டாக்கர் (இமேஜைச் செய்து ஓட்டும் மென்பொருள்) இருந்தால் போதும், கோ மொழியைத் தனியாக நிறுவ வேண்டாம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கோ மொழியில் ஒரு சின்ன வெப் சர்வர் எழுதுங்கள். போர்ட் எண்ணைக் கோடில் எழுதிவைக்காமல் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து (செயலிக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) படியுங்கள். பதிவுகளைக் கன்டெய்னருக்குள் வைக்காதீர்கள். அதை அழித்தால் பதிவுகளும் போய்விடும். வால்யூமிலோ (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடம்) டேட்டாபேஸிலோ வையுங்கள்.

அடுத்து டாக்கர்ஃபைல், அதாவது இமேஜை எப்படிச் செய்வது என்று டாக்கருக்குச் சொல்லும் ஃபைல். இதில் ‘ஃப்ரம்’ இரண்டு முறை வரும். முதல் ஃப்ரம் கோலாங் இமேஜ். அது பல நூறு எம்பி. அங்கே ‘கோ பில்ட்’ நடக்கும். இரண்டாவது ‘ஃப்ரம் ஸ்க்ராட்ச்’, அதாவது வெறும் பாத்திரம். பில்ட் ஆன ஒரே ஃபைலை ‘காப்பி’ வரியால் அதற்குள் போடுங்கள். சமையலறையையே சுமந்து போக வேண்டாமே, தூக்குச்சட்டியில் சாப்பாடு போனால் போதும். எனக்குக் கடைசியில் வந்தது 8 எம்பி.

பில்ட் செய்யும்போது ‘சிஜிஓ எனேபிள்ட்’ (சி மொழிக் கோடை இணைக்கும் வசதி) என்பதை 0 ஆக்குங்கள். மறந்தால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று பிழை வரலாம். ஃபைல் கண்முன்னே இருக்கும்! உண்மையில் இல்லாதது அது தேடும் சி லைப்ரரி.

என்னை ஒரு இரவு முழுக்க உட்கார வைத்தது வேறொன்று. மாலை 6 மணிப் பூசையை வெப் பக்கம் 4 மணி என்று காட்டியது. நேர மண்டலத்தை ஜோஹன்னஸ்பர்க் என்று சரியாகத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் ஸ்க்ராட்சில் நேர மண்டலத் தகவலே கிடையாது. கோ சத்தமில்லாமல் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) போய்விட்டது, நமக்கு 2 மணி நேரம் பின்னால். கோடில் ‘டைம் டிஇசட்டேட்டா’ தொகுப்பை இம்போர்ட் செய்யுங்கள். அரை எம்பிக்கும் குறைவாகத்தான் கூடும்.

சரி, இப்போது ‘டாக்கர் பில்ட்’. கடைசியில் ஒரு புள்ளி (இந்த ஃபோல்டர் என்று பொருள்) வைக்க மறக்காதீர்கள். அப்புறம் ‘டாக்கர் ரன்’. அதோடு ‘ரீஸ்டார்ட்’ விருப்பத்தில் ‘அன்லெஸ் ஸ்டாப்ட்’ என்று கொடுங்கள். நாமே நிறுத்தினால் ஒழிய அது தானே மீண்டும் ஓடும். ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியில் ஓட்டுவதென்றால் ஆர்ம் சிப்புக்குத் தனியாக பில்ட் செய்ய வேண்டும்.

லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரம் நிறுத்துவது) வந்தால்? கணினியின் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி மாற்றிவையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் சொருகி, போனில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாரும் எதையும் தொடாமலே மாலைப் பூசை 6 மணி என்று வர வேண்டும்.