எஸ்.பி. ரோட்டில் பழைய மானிட்டர் வாங்குவது எப்படி?

பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வந்து, பி.ஜி.யிலோ அல்சூர் பக்கம் ஒற்றை அறையிலோ தங்கியிருக்கும் தம்பிகள், இந்த ஊரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டைப் பற்றி அடிக்கடி கேட்பது இது. தாராளமாக வாங்கலாம். கம்பெனிகள் கழித்துக்கட்டிய மானிட்டர்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும், பல நன்றாகவே உழைக்கும். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் அது எந்தக் காலத்துத் திரை என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறைத் திரைக்கும் கோளாறு வருகிற இடம் வேறு.

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். லேப்டாப், எச்.டி.எம்.ஐ. கேபிள் இரண்டும் கையில் இருக்கட்டும்; கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று திரை முழுக்க ஒரே நிறமாக இருக்கும் படங்களையும், யாராவது ஒருவர் முகம் தெரியும் போட்டோ ஒன்றையும் முன்பே ஏற்றி வையுங்கள்.

முதலில் பின்பக்க ஸ்டிக்கரில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். எல்.சி.டி. என்கிற திரவப் படிகத் திரை தானாக ஒளிராது, பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஏறத்தாழ 2010 வரைக்கும் அந்த வேலையைச் செய்தவை மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய்கள். 1993-ல் ஜப்பானின் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டிய பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாகி, மெதுவாக அந்தக் குழாய்களின் இடத்தைப் பிடித்தது. தடிமனாக, கனமாக இருந்து, போட்டவுடன் மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பிரகாசமாகிறதா? அது குழாய் வகை. வெள்ளை பழுப்பேறியும் இருந்தால் விட்டுவிடுங்கள். சில சமயம் படமே வராமல் இருட்டாக இருக்கும். அப்போது போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், படம் லேசாகத் தெரிந்தால் படம் காட்டும் கண்ணாடிப் பலகையான பேனல் பிழைத்திருக்கிறது, போனது பின்னாலிருக்கும் பேக்லைட்தான்.

அடுத்து பேனல் வகை. பெரும்பாலும் டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே "ஐ.பி.எஸ். சார்" என்பார். நீங்கள் அந்த முகப் போட்டோவைப் போட்டு, குனிந்து கீழேயிருந்து பாருங்கள். முகம் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி கறுத்துத் திரும்பினால் அது டி.என். பேனல். 1970-ல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிச் இருவரும் கொண்டுவந்த முறை அது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் முறுக்கிக்கொண்டு நிற்கும், மின்சாரம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்து நிமிரும். பாதி நிமிர்ந்து சாய்ந்து நிற்கும்போது எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வெளிச்சம் மாறுகிறது, கோளாறே அதுதான். 1996-ல் ஹிட்டாச்சி விற்பனைக்குக் கொண்டுவந்த ஐ.பி.எஸ்.ஸில் படிகம் நிமிராமல் படுத்த வாக்கிலேயே திரும்புவதால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் நிற்கும். கறுப்புப் படத்தில் மூலைகள் லேசாக மினுங்கினால் பயப்படாதீர்கள், ஐ.பி.எஸ்.ஸுக்கு அது பிறவிக்குணம். கறுப்பு நல்ல கறுப்பாக இருந்து, இருட்டுப் பின்னணியில் எழுத்தை வேகமாக நகர்த்தும்போது அதன் பின்னால் நிழல்போல் இழுபட்டால் அது வி.ஏ. வகை. கோடிங்குக்குப் பரவாயில்லை, எனக்குப் பிடிக்காது.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. மேக்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சர் சி.வி. ராமனின் தங்கை மகன் எஸ். சந்திரசேகரும் உடன் பணியாற்றியவர்களும் 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தைக் கண்டறிந்தார்கள். (நோபல் வாங்கிய சந்திரசேகர் வேறு, அவரும் ராமனுக்கு உறவுதான்.) பின்னாளில் ஜப்பானின் ஃபியூஜி அந்த வகைப் பொருளைப் படலமாக்கியது. டி.என். திரைகளைக் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க முடிந்ததில் அந்தப் படலத்துக்குப் பங்கு உண்டு.

சரி, நிறப் படங்களுக்கு வருவோம். மூலையில் செத்த புள்ளி ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறையுங்கள், அவ்வளவுதான். மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடினால் மட்டும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் இணைப்பு விட்டுப்போயிருக்கும், அழுத்தினால் மறையும், வீட்டுக்கு வந்ததும் திரும்ப வரும். காட்டுகிறவர் ஃபிரேமின் விளிம்பிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே மாட்டேன் என்கிறாரா, எடுக்கச் சொல்லுங்கள்.

ஓ.எல்.இ.டி. லேப்டாப் கிடைத்தால் சாம்பல் படம் போதும். 1987-ல் கோடாக்கில் டாங்கும் வான் ஸ்லைக்கும் செய்துகாட்டிய வழி அது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்கிறது. கீழே டாஸ்க்பாரின் நிழல் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய வீடியோ கேமுக்காகப் பெட்டி மானிட்டர் தேடுகிறவர்களும் உண்டு. 1897-ல் ஜெர்மனியின் பிரவுன் செய்த கேத்தோடு கதிர்க் குழாயின் (சி.ஆர்.டி.) வாரிசு அது. அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாம், மூடியைக் கழற்றாதீர்கள். வேண்டாமென்றாலும் காயலான் கடையில் போடாமல் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

எதை வாங்கினாலும் சீரியல் நம்பரோடு பில் கேளுங்கள், மாற்றித் தர எத்தனை நாள் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். ஆட்டோவில் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.